எட்டுக் குரல்களும் ஒரு வடமும்

திருமண மண்டபமானாலும் கோயில் திருவிழாவானாலும், ஒலி சரியாக அமைந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாடகரின் குரலைப் பாராட்டுவர். மிருதங்கக் கலைஞரின் விரல்களைப் பாராட்டுவர். விருந்தின் சுவையைக்கூடப் பாராட்டுவர். அந்தக் குரலை மேடையிலிருந்து ஒலிபெருக்கிவரை சுமந்துசென்ற கேபிளைப் பாராட்டியவர் எவருமிலர். அது கெட்டுப்போனால் மட்டும் மண்டபத்தில் உள்ள அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். கரகரவென்ற இரைச்சல் எழுந்தவுடன், மிக்சர் எனப்படும் ஒலிக்கலவைக் கருவியின் பின்னால் நிற்பவரை எல்லாரும் உற்றுப் பார்ப்பர். மேடையொலித் தொழிலின் இயல்பே இதுதான். நன்றாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. குறை மட்டும் காதுக்குக் கேட்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களின் வாழ்வில் ஒலிக்குத் தனியிடம் உண்டு. தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலையை நோக்கி இரதம் புறப்படும். உறுமி மேளம் முழங்க, காவடிகள் 272 படிகளை ஏறும். தீபாவளி நெருங்கினால் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவும் பிரிக்பீல்ட்சின் ஜாலான் துன் சம்பந்தனும் பாட்டொலியால் நிறையும். பழங்காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இன்று ஆடலும் பாடலும் பயிலும் இடமாகவும் விளங்குகிறது. 1981இல் தொடங்கப்பட்ட ‘டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ என்னும் கலைக்கூடம் அங்கேதான் உள்ளது. மேடைகள் பெருகிய இடத்தில் மேடையொலிக் குழுக்களும் பெருகின. அக்குழுக்களில் பணிபுரிவோர் பலருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கைத்திறன்களுள் ஒன்று, கேபிளைத் தாமே கட்டுவதும் ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் ஆகும்.

பிரிக்பீல்ட்சில் ஒரு மண்டபத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடப்பதாக வைத்துக்கொள்ளலாம். மேடையின் ஓரத்தில் இசைக்குழுவினர் அமர்ந்திருப்பர். நட்டுவாங்கம் செய்யும் ஆசிரியருக்கு ஓர் ஒலிவாங்கி, பாடகருக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, வயலின், புல்லாங்குழல், வீணை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, நிகழ்ச்சி அறிவிப்பாளருக்கு ஒன்று. ஆக, எட்டு ஒலிவாங்கிகள். ஒலிக்கலவைக் கருவியோ மண்டபத்தின் மறுகோடியில் இருக்கும். எட்டுக் கேபிள்களைத் தனித்தனியே தரையில் இழுத்தால் அவை பின்னிப் பிணைந்து கிடக்கும்; நடப்போரின் காலை வாரிவிடும். அதனால், எட்டு இணைக் கம்பிகளை ஒரே உறைக்குள் அடக்கிய தடித்த வடம் ஒன்றைப் பயன்படுத்துவர். அதன் ஒரு முனையில், மேடைப்பெட்டியில் எட்டுத் துளைகள் இருக்கும். மறுமுனையில், பல ஊசிகளைக் கொண்ட ஒரே இணைப்பி இருக்கும். அதைத்தான் பன்முனை இணைப்பி என்பர்.

ஒலிவாங்கியின் அடியில் செருகும் மூன்று முனை இணைப்பியைப் பலரும் பார்த்திருப்பர். எக்ஸ்எல்ஆர் என்று அழைக்கப்படும் அது, ஜேம்ஸ் கேனன் என்பவர் 1915இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. அதே கேனன் நிறுவனம் 1952இல் மற்றொரு வகை இணைப்பியை அறிமுகப்படுத்தியது. அதன் உலோக விளிம்பு ஆங்கில எழுத்தான ‘டி’யின் வடிவில் இருந்ததால், அது டி-சப் எனப் பெயர் பெற்றது. ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருப்பதால் அதைத் தலைகீழாகச் செருக முடியாது. 25 முனைகள் கொண்ட டி-சப் முதலில் கணினிக் கருவிகளில் பெரிதும் பயன்பட்டது. 1990களில் ஜப்பானின் தாஸ்காம் நிறுவனம் அதைத் தன் எட்டுத்தட ஒலிப்பதிவுக் கருவிகளில் பயன்படுத்தியது. நாளடைவில் பல நிறுவனங்கள் அந்த முனை வரிசையையே பின்பற்றின. ஒலிப் பொறியியல் கழகம் 2012இல் அதை ஏஇஎஸ்59 என்னும் தரமாக வெளியிட்டது.

எட்டுத் தடங்களுக்கு 25 முனைகள் எதற்கு? ஒவ்வொரு தடத்திற்கும் மூன்று கம்பிகள் வேண்டும். ஒன்று நேர்க்கம்பி, ஒன்று எதிர்க்கம்பி, மூன்றாவது அவ்விரண்டையும் சுற்றி நிற்கும் கவசத்தின் கம்பி. எட்டு மூன்று இருபத்து நான்கு. எஞ்சிய ஒரு முனை, அதாவது 13ஆம் முனை, வெறுமனே விடப்படும்.

ஒரே ஒலிக்கு நேர், எதிர் என இரண்டு கம்பிகள் ஏன் என்னும் கேள்வி எழலாம். இதில் எளிய கணக்கு ஒன்று அடங்கியுள்ளது. ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்குறிப்பு நேர்க்கம்பியில் +5 என்ற அளவிலும், எதிர்க்கம்பியில் அதற்கு நேர்மாறாக –5 என்ற அளவிலும் செல்வதாகக் கொள்ளலாம். வழியில் ஒரு விளக்கின் மின்கம்பியைக் கடக்கும்போது, அதிலிருந்து +2 அளவு இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் சமமாகப் புகுந்துவிடுகிறது. இப்போது நேர்க்கம்பியில் 7, எதிர்க்கம்பியில் –3. ஒலிக்கலவைக் கருவி இவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 7லிருந்து –3ஐக் கழித்தால் 10. இரைச்சல் தானாகவே மறைந்துவிட்டது. ஒலி இரு மடங்காக நின்றது. மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. மண்டபத்தில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த முனகல் பெரும்பாலும் அதிலிருந்து வருவதே. இரு கம்பிகளும் முறுக்கிய நிலையில் அருகருகே ஓடி, இரண்டும் நல்ல முறையில் பற்றவைக்கப்பட்டிருந்தால்தான் மேற்சொன்ன கழித்தல் கணக்கு சரியாக நடக்கும். ஒன்று அறுந்தால் ஒலி மெலியும். முனகல் உள்ளே நுழையும்.

இத்தகைய குழுவொன்றில் புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் வீடு கிள்ளானில். ஐந்தாம் படிவத்தை முடித்தவன். முதல் சில மாதங்கள் பெட்டிகளைத் தூக்குவதும் கேபிள்களைச் சுருட்டுவதுமே அவனுடைய வேலை. குழுவை நடத்தும் மூத்தவரை அவன் ‘அண்ணே’ என்றே அழைப்பான். குழுவின் பழைய வடம் ஈரமும் வெயிலும் பட்டு இற்றுப்போயிருந்தது. புதிய வடம் ஒன்றைக் கட்டும் பொறுப்பை அண்ணன் அவனிடம் ஒப்படைத்தார்.

“கடையில் கட்டி வைத்ததே கிடைக்குமே, அண்ணே?” என்று அவன் கேட்டான்.

“கிடைக்கும், தம்பி. சில நேரம் விலையும் குறைவாகவே இருக்கும். ஆனால், நம் மண்டபத்தின் நீளம் கடைக்காரருக்குத் தெரியாது. முனையை வார்த்து மூடிய கேபிள் கெட்டுப்போனால் அதைத் திறக்கவும் முடியாது. நீயே கட்டினால் நீயே திறப்பாய்; நீயே சரிசெய்வாய்,” என்றார் அவர்.

அண்ணன் கூறியதில் உண்மை இருந்தது. விலையை மட்டும் பார்த்தால், தானே கட்டுவது எப்போதும் ஆதாயம் என்று சொல்லிவிட முடியாது. கருவிகள் வாங்க வேண்டும். பல மணி நேரம் உழைக்க வேண்டும். இதன் பயன் வேறிடத்தில் உள்ளது. கட்டத் தெரிந்தவனுக்குப் பழுதைக் கண்டுபிடிக்கவும் தெரியும். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது, கடைகளெல்லாம் மூடிய இரவு நேரத்தில், அந்த அறிவுக்கு விலை சொல்ல முடியாது.

கோலாலம்பூரில் புடு வட்டாரத்திலுள்ள ஜாலான் பாசார், மின்னணு உதிரிப் பொருள்களுக்குப் பெயர் போனது. தேவையானவற்றை அங்கே வாங்கலாம். எட்டு இணைக் கம்பிகள் கொண்ட வடம், 25 முனை டி-சப் இணைப்பி ஒன்று, அதற்கான மூடி, மேடைப்பெட்டிக்கு எட்டு எக்ஸ்எல்ஆர் துளைகள், வெப்பத்தில் சுருங்கும் மெல்லிய குழாய்கள், ஈயக்கம்பி ஆகியவை முதன்மையானவை. கருவிகளாகச் சோல்டரிங் அயன் எனப்படும் பற்றவைக்கும் கோல், கம்பியின் தோலை உரிக்கும் கருவி, சிறிய பிடிப்பான், மல்டிமீட்டர் ஆகியவை வேண்டும். மேசைக்கு நல்ல வெளிச்சமும் அறைக்கு நல்ல காற்றோட்டமும் இருக்க வேண்டும்.

முதல் வேலை பற்றவைத்தல் என்றுதான் இளைஞன் எண்ணினான். அண்ணனோ அவன் கையில் தாளையும் பென்சிலையும் கொடுத்தார். எந்தக் கம்பி எந்த முனைக்குச் செல்ல வேண்டும் என்னும் பட்டியலை முதலில் எழுதச் சொன்னார். நேர், எதிர், கவசம் என்ற வரிசையில் அவன் எழுதிய பட்டியல் இதுதான்:

தடம் 1: 24, 12, 25
தடம் 2: 10, 23, 11
தடம் 3: 21, 9, 22
தடம் 4: 7, 20, 8
தடம் 5: 18, 6, 19
தடம் 6: 4, 17, 5
தடம் 7: 15, 3, 16
தடம் 8: 1, 14, 2

இந்த வரிசையை ஏஇஎஸ்59 தரம் வகுத்துள்ளது. ஆனாலும், 25 முனை இணைப்பியைக் கண்டவுடன் எல்லாம் ஒன்றே என எண்ணிவிடக் கூடாது. உருவத்தில் சிறிதும் மாறாத அதே இணைப்பியைச் சில கருவிகள் வேறு வரிசையில் பயன்படுத்துகின்றன. செருகினால் சிக்கெனப் பொருந்தும். ஒலி மட்டும் தாறுமாறாகும். ஆகவே, கருவியின் கையேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே கம்பியை வெட்ட வேண்டும். மேடைப்பெட்டியின் பக்கத்தில் நினைவில் வைப்பது எளிது. எக்ஸ்எல்ஆரில் 1ஆம் முனை கவசம், 2ஆம் முனை நேர், 3ஆம் முனை எதிர்.

இன்னொரு பொறியும் உண்டு. டி-சப் இணைப்பியின் மேல் வரிசையில் 1 முதல் 13 வரையிலும், கீழ் வரிசையில் 14 முதல் 25 வரையிலும் முனைகள் உள்ளன. முன்பக்கம் இடமிருந்து வலமாக ஓடும் எண்கள், பற்றவைக்கும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிவிடும். இதைக் கவனிக்காமல் இருபத்து நான்கு கம்பிகளையும் அழகாகப் பற்றவைத்துவிட்டு, அத்தனையையும் கழற்ற நேர்ந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு முனையின் அருகிலும் நெகிழியில் மிகச் சிறிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். பழுத்த அனுபவம் உள்ளவர்கள்கூட உருப்பெருக்கியை வைத்து அதைப் படித்த பிறகே கோலை எடுப்பர்.

பற்றவைத்தல் பார்ப்பதற்கு எளிது. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த கம்பி 183 பாகை செல்சியசில் உருகும். காரீயம் இல்லாத புதிய வகைக் கலவைகள் பெரும்பாலும் 217 பாகைக்கு மேல்தான் உருகும். கம்பியின் நடுவே ரோசின் என்னும் பைன் மரப் பிசின் இருக்கும். அது உலோகத்தின் மேல் படிந்துள்ள துருப்படலத்தை நீக்கி, ஈயம் பரவ வழிசெய்யும். இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் இளைஞனின் முதல் முயற்சி தோற்றது. உருகிய ஈயம் குன்றிமணிபோல் உருண்டு மேசையில் விழுந்தது.

“அண்ணே, ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.”

“நீ ஈயத்தைச் சுடுகிறாய், தம்பி. முதலில் முனையைச் சுடு. முனை சூடாகிவிட்டால் ஈயம் தானே அதைத் தேடி ஓடும்.”

அந்தச் சொற்களில் பற்றவைத்தலின் இயற்பியல் முழுவதும் அடங்கியிருந்தது. குளிர்ந்த உலோகத்தின் மேல் விழும் ஈயம் அப்படியே உறைந்துவிடும், அதனோடு கலவாது. இணைக்கப்படும் இரு உலோகங்களும் ஈயத்தின் உருகுநிலையைத் தாண்டிச் சூடாக வேண்டும். அப்போதுதான் ஈயம் தண்ணீர்போல் பரவி, இடுக்குகளில் புகுந்து, இரண்டையும் கவ்விப் பிடிக்கும். அதே நேரத்தில் கோலை நெடுநேரம் வைத்திருக்கவும் கூடாது. வைத்தால் கம்பியின் நெகிழித்தோல் சுருங்கிப் பின்வாங்கும். இணைப்பியின் உடலும் இளகி, ஊசிகள் சாய்ந்துவிடும். இரண்டு மூன்று நொடிகளில் வேலை முடிய வேண்டும். ஊசிகள் சாயாமலிருக்க, இன்னோர் இணைப்பியை எதிரே செருகி வைத்துக்கொண்டு பற்றவைப்பது நல்ல உத்தி.

இளைஞன் ஒழுங்குமுறையைக் கற்றுக்கொண்டான். மூடியையும் குழாய்களையும் முன்னதாகவே கம்பியில் கோத்துக்கொண்டான். பற்றவைத்த பிறகு அவற்றைக் கோக்க வழியில்லை. கவசக் கம்பிக்குத் தோல் கிடையாது. அது பக்கத்து முனையைத் தொட்டுவிடாதபடி அதற்குத் தனிக் குழாய் மாட்டினான். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் முதலில் மெல்லியதாக ஈயம் பூசினான். பிறகு, முனையின் குழிவில் சிறிது ஈயத்தை உருக்கி, கம்பியின் நுனியை அதில் அமிழ்த்தி, ஈயம் உறையும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் பிடித்தான். இரு முனைகளுக்கு இடையே மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளியில் ஒரு துளி ஈயம் பாலம்போல் படிந்தாலும் இரண்டு தடங்கள் ஒன்றாகிவிடும். டி-சப் பக்கம் 24, மேடைப்பெட்டிப் பக்கம் 24 என மொத்தம் 48 இணைப்புகள். அவன் அவற்றை முடித்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. மறுநாள் மாலை அரங்கேற்றம்.

மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு தடமாகச் சோதித்தான். இரு முனைகளையும் தொட்டதும் ‘பீப்’ என்ற ஒலி கேட்டது. 24 கம்பிகளும் தேறின. பக்கத்து முனைகளைத் தொட்டான், ஒலி எழவில்லை. அதாவது, எங்கும் குறுக்கிணைப்பு இல்லை. எல்லாம் சரியாக இருந்தன.

“முடிந்துவிட்டது, அண்ணே. அளந்தும் பார்த்துவிட்டேன்.”

“ஆட்டிப் பார்த்தாயா?”

இளைஞன் வடத்தின் கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்தான். ஆறாவது தடத்தில், 17ஆம் முனையில், ‘பீப்’ ஒலி ஒரு கணம் விட்டுவிட்டுக் கேட்டது. மறுபடி அசைத்தான், ஒலி அறுபடவில்லை. மூன்றாம் முறையும் நன்றாகவே இருந்தது.

அந்த நேரத்தில் அவன் மனம் எப்படி ஊசலாடியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கண்கள் எரிந்தன. 17ஆம் முனையை அடைய வேண்டுமானால் மூடியைக் கழற்றி, அக்கம்பக்கத்துக் கம்பிகளை விலக்கி, சுருங்கிய குழாயை அறுத்தெடுக்க வேண்டும். அருகில் உள்ள நல்ல இணைப்புகள் சேதமடையவும் கூடும். மூன்று முறையில் ஒரு முறைதானே விட்டுப்போனது? நாளை வடம் தரையில் ஆடாமல் அசையாமல்தானே கிடக்கப்போகிறது? அப்படியே கெட்டுப்போனாலும், அது ஈயத்தின் குறையா, ஒலிவாங்கியின் குறையா என்று யாருக்குத் தெரியப்போகிறது? இத்தகைய கேள்விகளுக்கு நள்ளிரவில் சுலபமான பதில்கள் கிடைக்கும்.

ஆனால், ஆறாவது தடம் புல்லாங்குழலுக்கு உரியது. பல ஆண்டுகள் பயிற்சி செய்து முதன்முதலாக மேடையேறும் மாணவி, குழலின் ஓசைக்கு அபிநயம் பிடிக்கும் வேளையில் அந்த இணைப்பு விட்டுப்போனால், கரகரப்பு மண்டபம் முழுவதும் கேட்கும். சிலவகை ஒலிவாங்கிகள் இயங்குவதற்கு, ஒலிக்கலவைக் கருவி அதே கம்பிகள் வழியாக 48 வோல்ட் மின்சாரத்தை அனுப்புகிறது. அத்தகைய ஒலிவாங்கியாக இருந்தால், இணைப்பு விட்டுவிட்டுத் தொடும்போது இடி இடித்தாற்போன்ற ஓசையும் எழலாம். அரங்கேற்றம் ஒருவரின் வாழ்வில் ஒரு முறைதான். அதை மறுபடி நடத்திக்காட்ட இயலாது.

இளைஞன் திருகாணியைக் கையில் எடுத்தான். மூடியைத் திறந்து குழாயை அறுத்துப் பார்த்தபோது, 17ஆம் முனையில் ஈயம் பளபளப்பின்றிப் பொருபொருவென்று இருந்தது. ஈயம் உறைவதற்குள் கம்பி அசைந்திருந்ததே காரணம். தொழிலாளர்கள் இதைக் குளிர்ந்த இணைப்பு என்பர். பார்வைக்குக் கம்பி ஒட்டியிருக்கும். ஈயம் அதைக் கவ்வியிருக்காது. அவன் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, முனையைச் சூடாக்கி, புதிய ஈயம் வைத்தான். பிறகு, மற்ற இணைப்புகளையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவானது. மறுநாள் குழலோசை தடையின்றிக் கேட்டது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் அடுத்த வாரம் இன்னொரு வடத்தைக் கட்டும் வேலையை அவனிடம் கொடுத்தார்.

குளிர்ந்த இணைப்பைவிடத் தந்திரமான பிழை ஒன்றும் உண்டு. நேர்க்கம்பியும் எதிர்க்கம்பியும் ஒரு முனையில் மட்டும் இடம் மாறிவிட்டால் ஒலி நிற்காது, நன்றாகவே கேட்கும். அந்த ஒலிவாங்கி தனியாக இருக்கும்வரை யாருக்கும் ஐயம் எழாது. அருகருகே உள்ள இரண்டு ஒலிவாங்கிகள் ஒரே ஒலியை வாங்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று விழுங்கிவிட, முழக்கம் சக்கையாகிவிடும். இப்பிழையை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். ஆனால், பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த முனை எந்த முனைக்குச் செல்கிறது என்பதைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கைத்திறனுக்கு எல்லையும் உண்டு. ஒலிவாங்கிக் கேபிளில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம். சுவரில் உள்ள மின்செருகியில் ஓடுவதோ உயிரைப் பறிக்கக்கூடியது. மேடைக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளையும் பலகைகளையும் உரிய தகுதி பெற்றவர்களே கையாள வேண்டும். பற்றவைக்கும்போது கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிவது நல்லது. எழும் புகை பிசினிலிருந்து வருவது. அதைச் சுவாசிக்கக் கூடாது. காரீயம் கலந்த கம்பியைத் தொட்ட கையால் உண்ணக் கூடாது. வேலை முடிந்தவுடன் சோப்பால் கழுவ வேண்டும். பயன்படாத இணைப்பிகளையும் மின்னணுப் பலகைகளையும் குப்பைத் தொட்டியில் வீசுவதும் தவறு. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு திட்டமிடப்பட்ட கழிவுகள் ஒழுங்குமுறை விதிகள், மின்னணுக் கழிவுகளை எஸ்டபிள்யூ110 என்னும் பிரிவில் சேர்த்துள்ளன. அவற்றைச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைப்பதே முறை. பழுதான கேபிளைத் தூக்கி எறியாமல் சரிசெய்பவர், அந்தக் கழிவின் அளவையும் குறைக்கிறார்.

மின்னணு வடிவமைப்பு, கீழ்நிலைப் படிவங்களில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்திலேயே அறிமுகமாகிறது. அதில் ஆர்வம் கொள்வோர் தொழிற்கல்லூரிகளிலும் பயிற்சிக் கழகங்களிலும் மேலும் கற்கலாம். 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், மலேசியத் திறன் சான்றிதழ் 1 முதல் 3 வரையிலான நிலைகளில் வழங்கப்படுகிறது. அதற்கு மேல் டிப்ளோமா நிலைகளும் உள்ளன. ஏட்டுக்கல்வியில் பின்தங்கியவர்களுக்கு உரியது கைத்தொழில் என்னும் எண்ணம் சிலரிடம் இன்றும் இருக்கிறது. ஒரே ஒரு வடத்தைக் கட்டுவதற்குக் கழித்தல் கணக்கும் உருகுநிலையும் மின்னோட்டமும் கையேட்டைப் படித்தறியும் மொழித்திறனும் தேவைப்படுவதைக் கண்டவர்கள் அவ்வாறு நினைக்கமாட்டார்கள்.

வேலையை முடிக்கும்போது வடத்தின் கழுத்தில் ஓர் ஒட்டுச்சீட்டு ஒட்டுவது நல்ல வழக்கம். அதில் வடத்தின் நீளம், முனை வரிசையின் பெயர், கட்டிய தேதி ஆகியவற்றை எழுதுவர். மூடிக்குள்ளும் ஒழுங்கு வேண்டும். கம்பிகள் நேராக அடுக்கப்பட்டு, இழுவை தாங்கும் பிடியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பிறகு ஏதோவொரு மண்டபத்தின் மேடைக்குப் பின்னால், முன்பின் அறியாத ஒருவர் கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த மூடியைத் திறக்கக்கூடும். நிகழ்ச்சி தொடங்க அவருக்குப் பத்து நிமிடமே இருக்கலாம். ஒட்டுச்சீட்டைப் படித்து, கம்பிகளின் ஒழுங்கைப் பார்த்து, பழுது எங்கே என்று அவர் உடனே கண்டுகொள்வார்.